சகனில் அவன் பக்கம்

அவன் எந்தச் சாப்பாட்டையும் ருசியென்று சொல்லி நான் கேட்டதில்லை. ருசியில்லை என்றும் சொன்னதில்லை. வாய்க்குள் என்ன நடக்கிறதோ அதை மட்டும் சொல்வான். “இப்ப புளி வந்துட்டு. தேங்காப்பால் பிந்தித்தான் வரும், பொறு,” என்பான். கொஞ்ச நேரம் மெல்லுவான். “இந்தா வந்துட்டு.” அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் நான் கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்குக் கல்முனைச் செய்திகளை எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். பஸ் விபத்து, வயல் வெள்ளம், பாடசாலைப் பரிசளிப்பு. கண்டதை எழுதுங்கள், நினைத்ததை எழுத வேண்டாம் என்று செய்தி ஆசிரியர் ஒருமுறை தபாலட்டை போட்டிருந்தார். அதை என்னால் பாதிதான் செய்ய முடிந்தது. முழுவதும் செய்தவன் அவன். அவனுக்கு எழுத்தில் நாட்டமில்லை; சாப்பாட்டில் செய்தான்.

சம்மாந்துறை வீதியில் இருந்த ஓர் அரிசி ஆலையில் நெல் பார்ப்பது அவனுடைய வேலை. மூட்டைக்குள் கூரான குழாயைச் செருகி நாலைந்து மணியை எடுப்பான். ஒன்றைக் கடைவாய்ப் பல்லில் வைத்துக் கடிப்பான். காய்ந்த நெல் சத்தம் போட்டு உடையும். ஈர நெல் சத்தமில்லாமல் நசுங்கும். அதற்கிடையில் ஏழெட்டு வகைச் சத்தம் உண்டென்று அவன் சொல்வான். எனக்கு இரண்டுதான் கேட்டது. அவனுடைய முன்பல் ஒன்று நெல்லுக்குள் கிடந்த கல்லில் பட்டு உடைந்திருந்தது. போட்டிருக்கும் சேட்டின் கழுத்தில் எப்போதும் உமி ஒட்டியிருக்கும்.

சாகாமத்திலிருந்து மூட்டை கொண்டுவந்த ஒருவர் அவனோடு சண்டை பிடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

“இன்னும் ரெண்டு வெயில் வேணும் காக்கா,” என்றான் அவன். காக்கா என்றால் எங்களில் அண்ணன்.

“எந்தக் கணக்கில சொல்றாய்? ஒன்ட பல்லென்ன மெசினா?”

“மெசினுக்குப் பல்லுப் போனா மாத்தலாம். எனக்கு மாத்தேலா. அதால பொய் சொல்லிக் கடிக்க மாட்டன்.”

அவர் மூட்டைகளைத் திரும்ப ஏற்றினார். மூன்றாம் நாள் அதே நெல்லோடு வந்தார். அவன் ஒரு மணியைக் கடித்துவிட்டுத் தலையாட்டினான். இருவரும் சேர்ந்து பால் விடாத பிளேன்ரீ குடித்தார்கள்.

எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு உரியது. கலியாணம் முடித்த ஆண் தன் உடுப்புகளை எடுத்துக்கொண்டு மனைவி வீட்டுக்குக் குடிபோவான். எண்பதாம் ஆண்டு நான் கல்முனைக்குடியிலிருந்து சாய்ந்தமருதுக்கு அப்படிப் போனேன். இரண்டு மைல் தூரம்கூட இல்லை. ஆனால் அடுப்பு வேறு. புது மாப்பிள்ளை முதல் கிழமை தனியாகச் சாப்பிடக் கூடாது என்று தோழன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு போவது அந்த வீட்டில் வழக்கம். நான் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். நன்றாகச் சாப்பிடுகிறவன், எனக்கு வைப்பதில் பாதி அவனுக்குப் போகும் என்பதுதான் என் எண்ணம்.

சகன் என்பது அகன்ற பெரிய தட்டு. அதில் சோறும் கறியும் போட்டு நாலைந்து பேர் பாயில் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். முதலில் கை கழுவப் படிக்கமும் தண்ணீரும் வரும். பிறகு உப்புக் கோப்பை சுற்றி வரும். ஆளுக்கொரு துளி நாக்கில் வைத்து, பிஸ்மி சொல்லித் தொடங்குவோம். தட்டு பொது. என்றாலும் எல்லை உண்டு. தன் முன்னால் உள்ளதைத்தான் ஒருவர் எடுக்கலாம். அடுத்தவர் பக்கம் கை நீட்டுவது மரியாதைக் குறைவு. சின்ன வயதில் அதற்காகப் புறங்கையில் அடி வாங்காதவர் எங்கள் ஊரில் இல்லை.

மூன்றாம் நாள் பகல் கூனி வந்தது.

கூனி நெல் மணியளவு இறால். காயவைத்ததை வறுத்து, துருவிய தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்டுச் சுண்டுவார்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கறுப்புக் கண்கள். ஒரு பிடியில் சில நூறு கண்கள் இருக்கும். சிறுவயதிலிருந்தே அதை நான் வாயில் வைத்ததில்லை. எங்கள் வீட்டில் கூனி சமைக்கும் நாளில் உம்மா எனக்கு முட்டை பொரித்துத் தருவார். இங்கே மாமி, என் மனைவியின் உம்மா, மாப்பிள்ளைக்கென்று காரைதீவிலிருந்து வரும் மீன்காரியிடம் சொல்லிவைத்து வாங்கிய கூனி. மாமி கதவுத் திரைக்குப் பின்னால் நின்றார். திரைக்குக் கீழே அவருடைய பாதங்கள் தெரிந்தன. மாமா எனக்கு நேரெதிரே இருந்தார். நான் சாப்பிடாவிட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தத் தெரு முழுவதும் அதை வைத்திருந்து இருபது வருடம் சொல்லும்.

“என்ன மச்சான், நிண்டுட்டாய்?” அவன் உதடு அசையாமல் கேட்டான்.

“ஏலாது.”

“என்ன ஏலாது?”

“கண்.”

அவன் தட்டைக் குனிந்து பார்த்தான். “ஓம், கண்தான். ஒன்னப் பாக்கல்ல, கூரையப் பாக்குது. நீ அதுட கண்ண விடு, சத்தத்தக் கேளு.”

ஒரு பிடியை வாயில் போட்டு மென்றான். எனக்குக் கேட்டது. வெயிலில் காய்ந்த நெல்லைக் கடிக்கும் சத்தத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நானும் போட்டேன்.

“இப்ப தேங்காப்பூ. இனி மிளகா. விழுங்கிராத. கடைசில ஒரு இனிப்பு வரும், சின்ன இனிப்பு. வருதா?”

“இல்ல.”

“ஒன்ட பக்கத்துல வராதுபோல. என்ட பக்கத்துல இருந்து எடு.”

நான் மாமாவைப் பார்த்தேன். அவர் கவனமாக ஒரு முள்ளைத் தேடிக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சகனில் மீனே இல்லை. நான் கையை நீட்டி அவன் முன்னால் இருந்த கூனியை எடுத்தேன்.

நான் மெல்லும்போது அவன் தாழ்ந்த குரலில் சொன்னான். எழுபத்தெட்டுச் சூறாவளியில் அவர்கள் வீட்டுக் கூரை போய்விட்டது. தென்னை நாலும் விழுந்தன. அவனுடைய வாப்பா கரைவலைக்காரர், வலையும் போனது. மிஞ்சியது வாய் கட்டிய ஒரு பானை. அதற்குள் கூனி. நிவாரண மாவில் ரொட்டி சுட்டு, அவனுடைய உம்மா ஆளுக்கு ஒரு கரண்டி கூனி போட்டார். பதினொரு நாள். “நாங்க ஏழு பேர். வேகமாத் திண்டா முடிஞ்சிரும். அதால வாய்க்குள்ளயே வச்சிருந்த. அப்பதான் மச்சான் அந்த இனிப்பக் கண்டுபுடிச்ச. முந்தி நானும் அள்ளித் திண்டு விழுங்கினவன்தான்.”

இனிப்பு வந்தது. அது கூனியில் இருந்ததா, அவன் சொன்னதில் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. வந்தது என்பதை மட்டும் எழுதலாம்.

திரைக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது. “மருமகனுக்கு இன்னும் கொஞ்சம் வைக்கட்டா?”

“வையுங்க மாமி,” என்றான் அவன். “என்ட பக்கம் வையுங்க. மருமகன் இஞ்ச இருந்துதான் எடுக்கிறார்.”

மாமா சிரித்துவிட்டார்.

அடுத்த நாள் காலை என் மனைவி தேத்தண்ணி தந்தபடி கேட்டாள். “சகனுக்குள்ள ரெண்டு பேருக்கும் என்ன எல்லைச் சண்டையா?”

“சண்டை இல்ல.”

“உம்மா பாவம், மாப்பிள்ளைக்குக் கண்பார்வை மட்டுப்போல எண்டு கவலப்படுறா. அடுத்த ஆள்ட சோத்துல கை போடுறாராம்.” கோப்பையை வாங்கிக்கொண்டு போகும்போது திரும்பினாள். “வாப்பா என்னய ஒங்களுக்கு மட்டுந்தானே கட்டித்தந்த? கூட்டாளிக்கும் சேத்து இல்லியே?”

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்து அவன் எங்கள் வீட்டுக்கு வருவது வழக்கமாயிற்று. பாவற்காயை அவனோடு இருந்துதான் சாப்பிடப் பழகினேன். பாபத் என்கிற மாட்டுக் குடற்கறிக்கு மூன்று வெள்ளிக்கிழமை பிடித்தது. எருமைத் தயிரின் புளிப்புக்கு ஒரே ஒரு வசனம் போதுமாயிருந்தது. அந்த வசனத்தை மறந்துவிட்டேன். தயிர் இன்றைக்கும் சாப்பிடுகிறேன்.

ஒருமுறை நான் அவனுக்குச் சொல்லிப் பார்த்தேன். அவனுக்கு வட்டிலப்பம் ஆகாது. அதில் கருப்பட்டியும் ஏலமும் முட்டையும் எப்படி ஒன்றையொன்று தொடுகின்றன என்று நீளமாகச் சொன்னேன். அவன் மரியாதையாகக் கேட்டபடி மென்றான்.

“நீ சொன்னதில ஒண்டும் வரல்ல மச்சான்,” என்றான். “நீ திண்டுட்டுச் சொல்லல்ல. பேப்பருக்கு எழுதின மாதிரிச் சொல்றாய்.”

அவனைப் பற்றி ஊரில் வேறு விதமாகவும் பேசுவார்கள். ஆலை முதலாளியின் மகளுடைய கலியாணத்தில், முதலாளியும் அவருடைய சம்பந்தியும் இருந்த சகனில் அவனையும் இருத்தியிருக்கிறார்கள். சம்பந்தி பெருமையாக, “அரிசி எப்படி?” என்று அவனிடம் கேட்டிருக்கிறார். அரிசி அவர் வீட்டிலிருந்து வந்தது. “முதல்ல நல்லா வருது. பிறகு சாக்கு வாசம் வருது. நனைஞ்சு காஞ்ச நெல்லு,” என்று அவன் சொன்னான். சம்பந்தி கையைக் கழுவிவிட்டு எழுந்தார். முதலாளி அவனை வேலையிலிருந்து நிறுத்தவில்லை; அவனுடைய பல் அவருக்குத் தேவைப்பட்டது. ஆனால் அந்த வீட்டு விசேஷம் எதற்கும் அவனுக்கு அழைப்புப் போகவில்லை. மற்ற வீடுகளும் யோசித்தன. நான் அவனைக் கண்டித்தேன்.

“கேட்டார், சொன்னன்,” என்றான்.

“பொய் ஒண்டு சொன்னா என்ன குறைஞ்சிரும்?”

“வாய்க்குள்ள ஒண்டு வந்திருக்கி. வெளியில இன்னொண்டச் சொன்னா, அடுத்த முறை எது வந்தெண்டு எனக்கே தெரியாமப் போயிரும்.”

எண்பத்தாறில் அவன் சவூதிக்குப் போனான். ஆட்கள் அப்போது கடிதத்துக்குப் பதிலாகக் கசெட்டில் பேசி அனுப்புவார்கள். அவனிடமிருந்து இரண்டு கசெட்டுகள் வந்தன. முதலாவதில் சலாம் சொல்லிவிட்டு, குபூஸ் ரொட்டி தின்று, அதில் என்ன வருகிறது என்று பத்து நிமிடம் சொல்லியிருந்தான். மெல்லும் சத்தம் தெளிவாகப் பதிந்திருந்தது. இரண்டாவதில் பேச்சுக் குறைவு. ஒரு காற்றாடியின் இரைச்சல் அதிகம். பிறகு ஒன்றும் வரவில்லை. திரும்பி வந்து வேறு பக்கம் குடியிருப்பதாக ஒருவர் சொன்னார். வரவில்லை என்று இன்னொருவர் சொன்னார். நான் இரண்டையும் உறுதிப்படுத்தவில்லை.

குறிஞ்சா விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். நான் கலியாணம் முடித்த அடுத்த வருடம், கல்முனை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் ஒரு நாள் பின்னேரம் நாங்கள் இருந்தபோது, அவன் சேட்டுப் பையிலிருந்து சில பச்சை இலைகளை எடுத்தான். வீரமுனைப் பக்கம் ஒரு வேலியில் படர்ந்திருந்த சிறுகுறிஞ்சா. என்னை மென்று பார்க்கச் சொன்னான். கசப்பாக இருந்தது. துப்பிவிட்டு வாயைக் கழுவினேன். அப்போது என் பிளேன்ரீ வந்தது. குடித்துப் பார்த்து, சீனி போடவில்லையே என்றேன்.

“ரெண்டு கரண்டி போட்டிருக்கன் தம்பி,” என்றார் கடைக்காரர்.

“இல்லியே.”

அவர் சீனிப் போத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நான் ஒரு கரண்டி சீனியை அப்படியே வாயில் போட்டேன். மணல். கடற்கரை மணல் பல்லில் அரைபடுவதுபோல இருந்தது. கரைந்தது, இனிக்கவில்லை. இன்னொரு கரண்டி. அதுவும் அப்படித்தான். கடைக்காரர் பயந்துபோய்ப் போத்தலைத் தானே நக்கிப் பார்த்தார்.

“சீனிக்கு ஒண்டும் ஆகல்ல காக்கா,” என்றான் அவன். “சீனி சீனியாத்தான் இரிக்கி. இவன்தான் இப்ப ஊரில இல்ல.”

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கால் மணித்தியாலத்தில் இனிப்புத் திரும்பி வந்தது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். எனக்கும் அந்த இலை வேண்டும் என்றாள். வாங்கித் தரவில்லை. அப்போது அவள் முதற்பிள்ளையைச் சுமந்திருந்தாள்.

எண்பத்துநாலில், இரண்டாவது பிள்ளைப்பேற்றில், என் மனைவி இறந்தாள். பிள்ளையும் இறந்தது. அப்போது மூத்த மகளுக்கு மூன்று வயது. இதைவிட அதிகமாக எழுத முயன்ற பக்கங்கள் என்னிடம் இருக்கின்றன. அவற்றில் ஒன்றும் சரியில்லை.

மூன்று நாள் அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. அயலவர்கள் சோறு அனுப்பினார்கள். நான்காம் நாள் மாமி அடுப்படிக்குப் போனார். வேறு யாரையும் சமைக்க விடவில்லை. மற்ற மகள்மார் வந்து கேட்டுப் பார்த்தார்கள், கரண்டியைக் கொடுக்கவில்லை. வேளைக்குச் சோறு வந்தது. வைத்ததை நான் சாப்பிட்டேன். அவன் வெள்ளிக்கிழமைகளில் வந்து பார்த்துவிட்டுப் போனான்; சாப்பிட இருக்கவில்லை. பாயின் ஓரத்தில் எத்தனை இழை பிரிந்திருந்தது என்று இன்றும் சொல்ல முடியும். என்ன சாப்பிட்டேன் என்று சொல்ல முடியாது.

மகள் சோறு தின்ன மறுத்தாள். வாயில் வைத்ததைத் துப்பினாள். விசுக்கோத்தைத் தேத்தண்ணியில் நனைத்துக் கொடுத்தால் தின்பாள். மெலிந்துபோனாள். தாயைத் தேடுகிறாள் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முப்பதாம் நாளளவில் என் மூத்த சகோதரர், நாங்கள் காக்கா என்று அழைப்பவர், கல்முனைக்குடியிலிருந்து வந்தார். என்னைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு சொன்னார். “நாப்பது கத்தம் முடிய அண்டைக்கே என்னோட வா. இனி இஞ்ச இருந்து என்ன செய்யப் போறாய்? வீடு அவங்கட.”

“புள்ள?”

“புள்ள உம்மம்மாட்ட வளரட்டும். வெள்ளிக்கிழமைல வந்து பாரு. ஒலகத்தில நடக்காததா?”

நடப்பதுதான். எங்கள் தெருக்களில் அப்படி வெள்ளிக்கிழமைத் தகப்பன்மார் பலர் இருந்தார்கள். விசுக்கோத்துப் பொதியோடு வந்து ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டுப் போவார்கள். பிள்ளைகள் அவர்களை ஒளிந்து நின்று பார்க்கும். நான் சரியென்றேன். அப்போது யார் எதைச் சொன்னாலும் சரியென்றுதான் சொன்னேன்.

நாற்பதாம் நாள், இறந்தவருக்காக ஓதும் கத்தம் முடிந்து, பகல் மூன்று சகன் போட்டார்கள். சோறு, இறைச்சி, புளியாணம், கூனிச் சுண்டல். கத்தத்துக்குக் கூனி வைப்பதில்லை. இறந்த மகளுக்கு விருப்பமானது என்று மாமி வைத்தார். என் சகனில் ஐந்து பேர்: ஓதிய லெப்பை, மாமா, காக்கா, நான், அவன். காலையிலேயே கட்டி வைத்த என் உடுப்புப் பை சுவரோரம் இருந்தது.

உப்புக் கோப்பை வந்து போனது. கொஞ்ச நேரத்தில் அது மறுபடியும் எங்கள் சகனுக்கு வந்தது. லெப்பை ஒரு சிட்டிகை எடுத்துத் தன் சோற்றில் தூவினார். காக்காவும் எடுத்தார். பக்கத்துச் சகன்காரர் கையை நீட்ட, கோப்பை அங்கே போனது. அங்கிருந்து மூன்றாம் தரமும் வந்தது. நான் இதையெல்லாம் வரிசையாகக் கண்டேன். செய்தி எழுதுகிறவன் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அவன் மெல்லுவதை நிறுத்தினான். பிறகு கையை நீட்டி என் பக்கத்திலிருந்து ஒரு பிடி எடுத்தான். லெப்பை நிமிர்ந்து பார்த்தார். அவன் அதை மென்றபடி என்னைப் பார்த்தான்.

“மச்சான், ஒனக்கு என்ன வருது?”

“ஒண்டும் வரல்ல.”

“கூனில?”

“வரல்ல.”

“இறைச்சில?”

“வரல்ல.”

காக்காவுக்கு விளங்கிவிட்டது. “சும்மா தின்னுடாப்பா,” என்றார் அவனிடம், பல்லைக் கடித்துக்கொண்டு. “மையித்து விழுந்த வீட்டுச் சோறு. அந்த மனுசிட நிலமையப் பாரு.”

அவன் திரையைப் பார்த்து, “மாமி,” என்றான்.

“டேய்,” என்றார் காக்கா.

“மாமி, ஒண்டுலயும் உப்புப் போடல்ல.”

மூன்று சகனிலும் கைகள் நின்றன. லெப்பை மெதுவாக அஸ்தஃபிருல்லாஹ் என்றார். திரை விலகியது. அயல் ஆண்களுக்கு முன்னால் வராத மாமி, முக்காட்டை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். குனிந்து, என் பக்கத்திலிருந்து ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தார். மென்றார். நின்றார்.

“எனக்குத் தெரியல்லியே,” என்றார். அவருடைய பார்வை கோப்பையில் நின்றது. “இண்டைக்கு மட்டுமா?”

மாமா சோற்றைப் பார்த்தபடி, “கனநாளா,” என்றார்.

“கனநாளெண்டா?”

“ஏழாம் கத்தம் ஓதின நாளில இருந்து.”

“ஏன் சொல்லல்ல?”

“எப்படிச் சொல்ற?” என்றார் மாமா. “நீ வேற ஒருத்தரையும் ஆக்க விடல்ல. ஒனக்கு அது ஒண்டுதான் இருந்திச்சி.”

மாமி என் பக்கம் திரும்பினார். “நீங்களாவது சொல்லியிருக்கலாமே மகன்.”

“எனக்கும் தெரியல்ல மாமி.”

அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். “புள்ளைக்கும் இந்தச் சோறுதானா மாமி?”

அந்த இடத்தில் மாமி நாற்பது நாளில் முதல்முறையாக அழுதார் என்று எழுதினால் பொருத்தமாக இருக்கும். அவர் அழவில்லை. உள்ளே போய் உப்புச் சிரட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பிறகு மகளைத் தூக்கி வந்து என் மடியில் இருத்தினார். நான் ஒரு பிடி சோற்றில் உப்பைத் தூவி, எவ்வளவு என்று தெரியாமல் அவனிடம் நீட்டினேன். அவன் ஒரு பருக்கையை எடுத்து நாக்கில் வைத்தான். “காணும், இது போதும்,” என்றான். மகள் அந்தப் பிடியைத் துப்பவில்லை. நாலு பிடி தின்றாள். ஐந்தாவதை வேண்டாம் என்றாள்.

அசர் தொழுகைக்குப் பிறகு காக்கா என் பையை எடுத்தபோது மாமி திரைக்குப் பின்னாலிருந்து பேசினார்.

“மருமகன் இரிக்கட்டும். எனக்கு நாக்குச் செத்துப் போச்சு. நாளைக்கு உப்புக்குப் பதிலா வேற என்னத்தப் போட்டாலும் எனக்குத் தெரியாது. மாமாக்குத் தெரிஞ்சாலும் வாய் திறக்க மாட்டார். புள்ளைட வாய்க்குள்ள போறதப் பாக்க இந்த வீட்டில ஒராள் வேணும்.”

“இவனுக்கும் தெரியாதெண்டுதானே சொன்னான்,” என்றார் காக்கா. “குருடனுக்குக் குருடனக் காவல் வைக்கவா?”

“அவனுக்கு வரும் காக்கா,” என்றான் அவன். “வரும்வரைக்கும் நான் வந்து பாத்துச் சொல்றன்.”

“வராட்டி?”

“வராட்டிக் கூட்டிட்டுப் போங்க.”

காக்கா பையைச் சுவரோரம் திரும்ப வைத்தார். அவிழ்க்க வேண்டாம் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாளிலிருந்து ஆலையில் பகல் இடைவேளை விட்டதும் அவன் சைக்கிளில் வந்தான். வேலிக்கு வெளியே சைக்கிளைச் சாத்திவிட்டு முற்றத்தில் நிற்பான். நான் சட்டியிலிருந்து ஒரு கரண்டி கொண்டுவந்து அவனுடைய உள்ளங்கையில் போடுவேன். அவன் மென்று, “ஒரு விரல் நுனி காணாது,” என்பான்; அல்லது, “சரி, புள்ளைக்குக் குடு.” நான் உள்ளே போய் அதைச் சொல்வேன். மாமி செய்வார். மகள் சில நாள் தின்றாள், சில நாள் தின்னவில்லை. உப்பு மட்டும் காரணமில்லை என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது. பை சுவரோரம் இருந்தது.

ஒரு கிழமை போனபின் அவனிடம் கேட்டேன். “எனக்கு வராட்டி?”

“குறிஞ்சா எவ்வளவு நேரம் புடிச்சிச்சி?”

“முக்கால் மணித்தியாலம்.”

“இந்த முறை மணிக்கூட்டப் பாக்காத,” என்றான்.

பதின்மூன்றாம் நாள் அவன் பிந்தி வந்தான். ஆலையில் நெல் குவிந்திருந்தது. அன்றைக்குக் கூனி. உள்ளங்கையில் போட்டேன். கொஞ்சம் எடுத்து மென்றான்.

“என்ன?” என்றேன்.

“நீ சொல்லு.”

“எனக்கு ஒண்டும் வராது.”

அவன் கையை நீட்டினான். உள்ளங்கையில் மீதிக் கூனி இருந்தது. நெல்லுத் தூசி படிந்த ரேகைகளுக்கிடையில் சிறிய கறுப்புக் கண்கள். “என்ட பக்கத்துல இருந்து எடு,” என்றான்.

எடுத்து வாயில் போட்டேன். சத்தம் கேட்டது. தேங்காய்ப்பூ இருந்த இடம் தெரிந்தது, தேங்காய்ப்பூ தெரியவில்லை. மிளகாய் நாக்கைச் சுட்டது, சூடு மட்டும்தான். விழுங்காமல் வைத்திருந்தேன். அவன் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு பஸ் போனது. இனிப்பு வரவில்லை. பல்லின் ஓரத்தில், மெல்லிதாக, வேறொன்று உறுத்தியது.

“கூட,” என்றேன்.

“என்ன கூட?”

“உப்பு.”

அவன் கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தான். ஆமென்றோ இல்லையென்றோ சொல்லவில்லை. சைக்கிளை நிமிர்த்தி, “நாளைக்கு எனக்கு வேல கூட மச்சான். வரமாட்டன்,” என்று சொல்லிவிட்டு ஏறிப் போனான். அடுத்த நாளும் வரவில்லை. வெள்ளிக்கிழமை வழக்கம்போல் சாப்பிட வந்தான்.

அன்று அவன் போனதும் நான் அடுப்படி வாசலுக்குப் போனேன்.

“மாமி, உப்புக் கூடிப்போச்சு.”

“அவரா சொன்னார்?”

“இல்ல. நான்.”

மாமி சட்டியிலிருந்து ஒரு கூனியை எடுத்து நாக்கில் வைத்தார். “எங்க கூட?” என்றார். குரலில் கோபம் இருந்தது. “சரியாத்தானே இரிக்கி.”

அவர் கொஞ்சம் தேங்காய்ப்பூவை அள்ளிப் போட்டுக் கிளறினார். நான் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து பாயில் இருந்தேன். உப்பு இன்னும் கூடத்தான் இருந்தது. நாங்கள் இருவரும் தின்றோம்.